மாதோட்டத்து வழியும் அதில் நடந்த மனிதரும்

பர்மாவின் ஐராவதி நதியில் படகேறிச் செல்வோர் அந்த நாட்டின் வரலாற்றை அதன் கரைகளிலேயே கண்டு திரும்புகிறார்கள். பாகானின் செங்கற் கோபுரங்களையும், அவற்றின் நிழலில் வலை உலர்த்தும் மீனவக் குடில்களையும், மண்பானை வனையும் ஊர்களையும் ஒரே நீர்வழி அவர்களுக்குக் காட்டிவிடுகிறது. இத்தகைய ஓர் ஆறு நமக்கு வாய்க்கவில்லையே என்று ஏங்கும் நண்பர்கள் உண்டு. வாய்த்திருக்கிறது என்பதே நமது விடை. ஆனால் அது படகு ஓடும் பேராறு அன்று. கோடையில் மணல் மட்டுமே தெரியும் வறண்ட ஆறு. மன்னார்க் கரையில் அரிப்புக்கு வடக்கே கடலில் சேரும் அருவியாறுதான் அது.

சிங்கள மக்கள் இதனை மல்வத்து ஓயா என்பர். பாலி நூல்கள் கதம்ப நதி எனக் கூறும். 164 கிலோமீட்டர் நீளமுள்ள இது இலங்கையின் இரண்டாவது நீளமான ஆறு. நாட்டின் நடுவே பிறந்து, அநுராதபுரத்தைத் தொட்டுக்கொண்டு வடமேற்காக ஓடி, மன்னார் மாவட்டத்தின் வயல்களுக்கு நீர் தந்து கடலை அடைகிறது. அதன் ஒரு முனைக்கு அருகே பௌத்த உலகின் புகழ்பெற்ற தலைநகரம். மறுமுனைக்கு அருகே சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் எழுந்த மாதோட்டத் துறைமுகம். இவ்விரண்டையும் இணைத்த வழியில் நடந்தவர் யார், சுமந்தவர் யார் என்று ஆராய்வதே நம் நோக்கம்.

இந்த ஆராய்ச்சிக்கு இன்று ஒரு தேவை இருக்கிறது. மாதோட்டம் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு நம் காலத்தில் உரத்த குரலில் நடக்கிறது. மகாதித்த என்னும் பாலிப் பெயரைக் காட்டி இது பௌத்த மண் என்பார் ஒரு சாரார். தேவாரத்தைக் காட்டி இது சைவ மண் என்பார் இன்னொரு சாரார். 1544இல் யாழ்ப்பாண மன்னனால் கொல்லப்பட்ட வேதசாட்சிகளை நினைவூட்டுவர் கத்தோலிக்கர். 2019இல் சிவராத்திரியையொட்டி, திருக்கேதீச்சரத்துக்குச் செல்லும் வழியில் அமைத்த வளைவொன்றைக் குறித்து ஒரே மொழி பேசும் இந்துக்களும் கத்தோலிக்கரும் மோதிக்கொண்டதை நாம் கண்டோம். பழமைக்கு உரிமை கோருவோர் அனைவரும் கோயிலையும் விகாரையையும் கோபுரத்தையும் பேசுகிறார்கள். அவற்றைச் சாத்தியமாக்கிய உழைப்பைப் பேசுவோர் அரியர்.

ஆறும் துறையும்

மாதோட்டம் பெருந்துறையாக விளங்கியதற்குக் காரணம் தெய்வச் செயலன்று. கடலின் ஆழமே காரணம். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை மணல் திட்டுகள் தொடர்கின்றன. பெரிய கப்பல்கள் அவற்றைக் கடந்து செல்ல இயலாது. மேற்கிலிருந்து வந்த கலங்களும் கிழக்கிலிருந்து வந்த கலங்களும் பண்டங்களை மாற்றிக்கொள்ள ஓரிடம் வேண்டியிருந்தது. மன்னார்த் தீவுக்கு எதிரே, பெருநிலத்தில், குதிரை லாடம் போன்ற அகழிகள் சூழ்ந்த மேடொன்று இன்றும் உள்ளது. அதுவே பழைய மாந்தை. அங்கே இறங்கிய பண்டம் தென்கிழக்கே அநுராதபுரம் சென்றது. அநுராதபுரத்தின் செல்வம் கடலைக் கண்டதும் இங்கேதான்.

1980 முதல் 1984 வரை ஜான் கார்ஸ்வெல் தலைமையில் இம்மேட்டில் அகழாய்வு நடந்தது. சீனத்துப் பீங்கானும் மேற்கு ஆசியாவின் மெருகிட்ட மட்கலமும் ஒரே மண்ணிலிருந்து வெளிவந்தன. உள்நாட்டுப் போர் மூண்டதனால் அப்பணி நின்றது. போர் முடிந்த பிறகு 2009-10இல் மீண்டும் தோண்டியபோது ஆய்வாளர்கள் மண்ணைச் சலித்து, கருகிய தானியங்களைத் தேடினர். மிளகு கிடைத்தது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள கிராம்பு ஒன்றும் கிடைத்தது. கிராம்பு அக்காலத்தில் இன்றைய இந்தோனேசியாவின் மொலுக்கஸ் தீவுகளில் மட்டுமே விளைந்தது. இவற்றோடு நிறைந்து கிடைத்தது நெல். கிராம்பு செல்வரின் பண்டம். நெல் உழைப்பவனின் உணவு. துறைமுகத்தின் வரலாறு இவ்விரண்டும் சேர்ந்ததுதான்.

5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அநுராதபுரத்தில் இரண்டாண்டு தங்கிய சீன யாத்திரிகர் பாகியான் ஒரு நிகழ்ச்சியைக் குறித்திருக்கிறார். அபயகிரி விகாரையின் பச்சைக்கல் புத்தர் சிலை முன்னே வணிகர் ஒருவர் வெண்பட்டு விசிறியொன்றைக் காணிக்கையாக வைத்திருந்தார். அது சீனத்து விசிறி. தாயகத்தை விட்டுப் பல்லாண்டுகளாக அலைந்த அத்துறவியின் கண்கள் அதைக் கண்டு கலங்கின. அவ்விசிறியைக் கண்டவரின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. அதைக் கடல் கடத்திய மாலுமியின் பெயரும், கரையிலிருந்து தலைநகருக்குச் சுமந்த வண்டிக்காரனின் பெயரும் எங்கே?

பாகியானுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் இக்கடல் பௌத்தரின் வழியாகவே இருந்தது. 1476இல் பெகு நாட்டு மன்னன் தம்மசேதி இருபத்திரண்டு தேரர்களையும் அவர்தம் சீடர்களையும் இலங்கைக்கு அனுப்பினான். களனி ஆற்றில் உபசம்பதை பெறுவதற்காக அவர்கள் வந்தனர். திரும்பும்போது ஒரு கப்பல், இலங்கைக்கும் இந்தியக் கரைக்கும் இடைப்பட்ட கடலில் உடைந்தது. உயிர் தப்பிய பிக்குகள் கால்நடையாகத் தமிழகக் கரையோரம் நடந்து நாகப்பட்டினத்தை அடைந்தனர். அங்கிருந்த பழைய பௌத்தப் பள்ளியின் இடத்தையும் வணங்கினர். இதைப் பர்மாவிலுள்ள கல்யாணிக் கல்வெட்டுகளே கூறுகின்றன. பர்மியத் துறவிக்கு வழிகாட்டியது தமிழ்க் கரை. இதை மறந்துவிட்டு, பௌத்தமும் தமிழும் என்றென்றும் பகை என்று கூறுவோரின் வரலாறு எவ்வளவு குறுகியது!

கல் சொல்லும் செய்தி

மகாவம்சத்துக் கதையையே எடுத்துக்கொள்வோம். விஜயனுக்கு மணமகளாகப் பாண்டிய இளவரசி மகாதித்தத்தில் வந்திறங்கினாள் என அது கூறுகிறது. அது ஐதிகமே, வரலாற்றுச் சான்றன்று. ஆயினும் அந்தக் கதையில் ஒரு செய்தி பொதிந்திருக்கிறது. இளவரசியோடு கைவினைஞரும் பதினெண் தொழிற்குழுக்களைச் சேர்ந்த ஆயிரம் குடும்பங்களும் வந்தனவாம். அரச வமிசத்தைப் புகழ எழுந்த நூலே, உழைக்கும் கைகள் வந்திறங்காமல் ஒரு நாட்டை அமைக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறது.

மன்னார்க் கச்சேரியில் நின்ற 9ஆம் நூற்றாண்டுச் சிங்களத் தூண் கல்வெட்டு இன்னும் தெளிவானது. வடகரையிலுள்ள மூன்று ஊர்கள் அநுராதபுரத்து மகாவிகாரையைச் சார்ந்த ஒரு நிறுவனத்துக்கு உரியவை. அரச அதிகாரிகள் அவ்வூர்களுக்குள் புகுந்து தண்டலாகாது என்பதே அதன் சாரம். அதாவது தலைநகரின் துறவியரைப் போஷிப்பதில் இக்கரையின் குடியானவருக்கும் பங்கு இருந்தது. பின்னர் சோழர் வந்தனர். மாதோட்டம் இராசராசபுரம் ஆயிற்று. தாழிக்குமரன் என்னும் சோழ அதிகாரி இராசராசேச்சரம் என்ற கோயிலை எடுத்தான். அக்காலக் கல்வெட்டுகளில் எண்ணெய் விற்ற சங்கரப்பாடியாரும், வெற்றிலை வாணியரும், வாழைக்காய் வாணியரும் தலைகாட்டுகிறார்கள். கோயிலுக்கென வைத்த காசைப் பெற்றுக்கொண்டு அதன் பயனாகத் தம் பண்டங்களை அளிக்கக் கடமைப்பட்டவர்கள் அவர்கள். ஆட்சி மாறியது; ஆண்டவனின் பெயர் மாறியது. எண்ணெய் ஆட்டியவனுக்கும் நெல் விளைத்தவனுக்கும் சுமை மாறவில்லை.

நீரின் கதையும் இதுவே. அருவியாற்றின் குறுக்கே தேக்கம் என்ற இடத்தில் பண்டைக் காலத்தவர் அணை கட்டினர். அங்கிருந்து கால்வாய் வழியே கட்டுக்கரைக் குளத்துக்கு நீர் போனது. ஆங்கிலேயர் இராட்சதக் குளம் என்று பெயரிட்ட அந்தப் பெரிய ஏரி இன்றும் மன்னாரின் நெல்வயல்களுக்கு உயிர். தாதுசேனன் கட்டினான், பராக்கிரமபாகு புதுப்பித்தான் என்பார்கள். மன்னன் ஆணையிட்டிருக்கலாம். மண்ணை வெட்டிக் கூடை கூடையாகச் சுமந்தவர்கள் எத்தனை தலைமுறையினர்! அவர்களுள் யார் சிங்களவர், யார் தமிழர் என்று எந்தக் கல்வெட்டும் பிரித்துச் சொல்லவில்லை.

இதனால் அக்காலம் பொற்காலம் என்று நாம் கூற வரவில்லை. படைகளும் இதே துறையில்தான் இறங்கின. ஊர்கள் எரிந்தன, விகாரைகளும் கோயில்களும் கொள்ளை போயின. ஆனால் போருக்கு இடையிலும் போருக்குப் பின்னரும் துறையையும் தலைநகரையும் ஒரே வாழ்க்கையாகக் கட்டி வைத்திருந்தவை உழவும் வாணிகமும் சுமைவழியுமே. தலைநகர் பொலன்னறுவைக்குப் பெயர்ந்த பின் மாதோட்டம் மெல்ல மெல்லத் தன் முதன்மையை இழந்தது. வணிகர் வேறு துறைக்குச் சென்றனர். உழவர் இருந்த இடத்திலேயே இருந்தனர்.

முத்தின் விலை

1560இல் மன்னாரைப் போர்த்துக்கேயர் கைப்பற்றினர். 1658இல் ஒல்லாந்தர் அதனைப் பிடித்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் வந்தனர். திருக்கேதீச்சரத்தின் கற்களைக் கொண்டே மன்னார்க் கோட்டை எழுந்தது என்பது இவ்வூர் மக்கள் வழிவழியாகச் சொல்லும் செய்தி. ஐரோப்பியர் இக்கரையில் தேடிய பொருள்களுள் தலையாயது கடலடியில் கிடந்தது. அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய ஊர்களின் எதிரே உள்ள முத்துப் பார்களே அது.

சலாபம் நடக்கும் சில வாரங்களுக்கு ஆளில்லாத மணற்கரையில் ஒரு நகரமே எழும். தோணிகள் வைகறையில் பாருக்குச் செல்லும். இடுப்புக் கச்சையோடு, காலில் கல்லைக் கட்டிய கயிற்றைப் பற்றியபடி குளியாளி கடலுக்குள் இறங்குவான். ஒரே மூச்சில் சிப்பிகளைக் கூடையில் வாரிக்கொண்டு கயிற்றை அசைப்பான். மேலே இருப்பவன் இழுப்பான். நாள் முழுவதும் இதுவே வேலை. பரதவரும் கீழக்கரை, காயல் பக்கத்து முஸ்லிம்களும் அரபு நாட்டவரும் ஒரே கடலில் இவ்வாறு மூழ்கினர். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் கடல்கட்டிக்கு ஆங்கில அரசே ஊதியம் கொடுத்தது. மந்திரத்தில் வெள்ளையனுக்கு நம்பிக்கை இருந்ததா? அது நமக்குத் தேவையில்லை. மந்திரம் இல்லாவிட்டால் குளியாளி இறங்கமாட்டான்; அவன் இறங்காவிட்டால் கருவூலம் நிறையாது என்பதை அவன் நன்கு அறிந்திருந்தான்.

1906இல் மறிச்சுக்கட்டிச் சலாபத்தில் இளம் அதிகாரியாகப் பணியாற்றியவர் லெனார்ட் உல்ஃப். பிற்காலத்தில் ஏகாதிபத்தியத்தை எதிர்த்து எழுதிய அதே உல்ஃப்தான். குளியாளி எடுத்துவந்த சிப்பிகள் மூன்று கூறாக்கப்பட்டன. இரண்டு கூறு அரசுக்கு, ஒரு கூறு அவனுக்கு. அதே ஆண்டில் இப்பார்கள் லண்டன் கம்பெனியொன்றுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. சில ஆண்டுகளுக்குள் பார்கள் வெறுமையாகி, கம்பெனியும் மூழ்கிற்று. தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் சலாபத்தைப் பார்வையிடத் தங்குவதற்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிப்பில் கட்டிய மாளிகையின் இடிபாடு இன்றும் நிற்கிறது. அதன் அடியை அலைகள் அரித்துக்கொண்டிருக்கின்றன. பயணிகள் அதைப் பார்த்து வருந்துகிறார்கள். மூச்சு முட்டி மாண்ட குளியாளிக்குக் கரையில் எந்தச் சின்னமும் இல்லை.

வந்த வழியும் போன வழியும்

முத்துக் குளிப்போர் வந்துபோன இதே கரையில், 19ஆம் நூற்றாண்டில் இன்னொரு கூட்டம் வந்திறங்கியது. கண்டிச் சீமையில் காட்டை வெட்டிக் கோப்பி பயிரிட்ட ஆங்கிலேயருக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். தமிழகத்திலோ இராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளில் பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் மக்களை ஊரைவிட்டு விரட்டின. கங்காணி முன்பணம் கொடுத்தான், அக்கடனே விலங்காயிற்று. பாய்மரத் தோணிகளில் நெருக்கி ஏற்றப்பட்ட மக்கள் மன்னார்க் கரையில் இறக்கப்பட்டனர். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியே மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் நடை. மாதோட்டத்துப் பண்டங்கள் அநுராதபுரம் சென்ற அதே திசையில், ஆயிரம் ஆண்டுகள் கழித்து, மனிதரே பண்டமாக நடந்தனர்.

அந்தப் பாதையில் குடிநீர் இல்லை. நிழல் தரும் மடம் இல்லை. காய்ச்சலும் வாந்திபேதியும் பின்தொடர்ந்தன. நடக்க இயலாதவரை வழியிலேயே விட்டுச் சென்றனர். 1840களில் மாத்திரம் எழுபதாயிரம் பேர் மாண்டிருக்கலாம் என்று அக்காலக் கொழும்புப் பத்திரிகையொன்று கணக்கிட்டது. அத்தொகை மிகையென வாதிடும் வரலாற்றாசிரியர்களும் உளர். நாம் தொகையைப் பற்றி வழக்காட விரும்பவில்லை. செத்தவரை எண்ணவேண்டும் என்ற எண்ணமே ஆட்சியாளருக்குத் தோன்றாத காலம் அது. ஏற்றுமதியான கோப்பிக்கு மூட்டைக் கணக்கு இருந்தது. அதை விளைத்தவனுக்குச் சாவுக் கணக்கு இல்லை. கிணறுகளும் மருத்துவ நிலையங்களும் பிற்காலத்திலேதான் வந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், கொள்ளைநோய் மலைநாட்டுக்குப் பரவும் என்ற அச்சத்தால் அப்பாதை மூடப்பட்டது. நடந்தவர்மீது கொண்ட இரக்கம் அதற்குக் காரணம் அன்று.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நீராவிக் கப்பல் ஓடியது. தலைமன்னாரிலிருந்து ரயில் புறப்பட்டது. கால்நடை ஒழிந்தது; கடன் ஒழியவில்லை. தொழிலாளியின் கடனை எழுதி, தோட்டத்துக்குத் தோட்டம் அவனைக் கைமாற்றிய துண்டு முறை 1921 வரை நீடித்தது.

பிறகு நடந்ததுதான் இந்த வரலாற்றின் கொடிய திருப்பம். நூறு ஆண்டுகளுக்கு மேல் இலங்கையின் கோப்பியையும் தேயிலையையும் வளர்த்த மக்கள், நாடு விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராயினர். 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மக்கள் பங்கு வைக்கப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தனர். சிப்பியைக் கூறிட்டது போலவே மனிதரையும் கூறிட்டார்கள். குளியாளிக்குக் கிடைத்த ஒரு கூறுகூட இம்மக்களின் விருப்பத்துக்குக் கிடைக்கவில்லை. ஒப்பந்தம் எழுதிய அதே ஆண்டின் டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. ஆகவே தாயகம் திரும்புவோர் என்று பெயரிடப்பட்டவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினர். அவர்களுட் பலர் அத்தாயகத்தை ஒருநாளும் கண்டறியாதவர்கள். பாட்டன் இறங்கிய கரையில் பேரன் ஏற்றப்பட்டான். 1984இல் போரினால் கப்பல் நின்றது. இலங்கையில் எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது.

போர்க்காலத்தில் இக்கரை இன்னும் பல துயரங்களைக் கண்டது. 1990இல் ரயில் பாதை அழிந்தது. மீண்டும் தலைமன்னார் இறங்குதுறைக்கு ரயில் வர 2015 ஆயிற்று. அதே 1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாகக் கடலை நம்பி வாழ்ந்தோர் கையில் கிடைத்ததோடு ஓடினர். இது யாருடைய மண் என்ற கேள்வி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நாம் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறோம், கற்கிறோம். விஜயன் இறங்கிய ஆண்டையும் கோட்டை கட்டிய ஆண்டையும் மனப்பாடம் செய்கிறோம். இந்தக் கரைக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் திருக்கேதீச்சரத்தைக் காட்டட்டும். அநுராதபுரத்தின் தூபங்களையும் காட்டட்டும். இரண்டும் மனிதகுலத்தின் அரிய செல்வங்கள். ஆனால் அவ்விரண்டுக்கும் இடையே உள்ள பாதையையும் காட்ட வேண்டும். அதன் ஓரத்தில் பெயரின்றிப் புதைந்தவர்களைப் பற்றிக் கூற வேண்டும். கூறினால், பழமை யாருடையது என்ற வழக்கில் மாணவன் சாட்சி சொல்லப் போகமாட்டான். அந்த வழக்கையே விசாரிக்கத் தொடங்குவான்.

மக்கள் இதனைத் தாமாகவே தொடங்கிவிட்டனர். மலையக மக்களின் முன்னோர் வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை இறுதியில் ஒரு கூட்டத்தினர் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டனர். மதவாச்சி வழியே, முன்னோர் நடந்த அதே திசையில் நடந்து ஆகஸ்டில் மாத்தளையை அடைந்தனர். இம்முறை எவரும் வழியில் விடப்படவில்லை. நிலம், வீடு, நியாயமான கூலி, சமமான குடியுரிமை ஆகிய கோரிக்கைகளை அவர்கள் சுமந்து சென்றனர். மாதோட்டத்து வழி எத்தனையோ சுமைகளைக் கண்டிருக்கிறது. நடந்தவர்கள் தமக்காகவே சுமந்த சுமை இதுதான்.